பொன்னி நாலாம் படிக்கு மேல் ஏறவில்லை

பகடை படிப்படியாக உருண்டு, கடைசிப் படியையும் தாண்டி, சேற்றில் போய் விழுந்தது.

பங்களா வராந்தாவில் பிரம்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். "எத்தனை? எத்தனை பேச்சி?" என்று லதா கத்தினாள். நான் மழையில் இறங்கிக் குனிந்து பார்த்தேன். பதினெட்டு. பெரிய எண். சந்தோஷத்தில் நானும் கத்தியே சொன்னேன்.

எஸ்டேட் கிளார்க் மகன் சசி நம்பவில்லை. குடையை விரித்துக்கொண்டு இறங்கி வந்து, சேற்றில் கிடந்த பகடையைத் தானும் ஒரு முறை பார்த்தான். பிறகு மேலே திரும்பி, "சரிதான்" என்றான். நான் உருட்டும்போதெல்லாம் இப்படி ஒரு சாட்சி தேவைப்பட்டது. மற்ற மூவரும் மேஜை மேல் உருட்டினார்கள், அதனால் சாட்சிக்கு வேலை இல்லை.

இடுக்கியில், வண்டிப்பெரியாற்றுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டம். எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நான் ஒன்பதாவது முடித்துப் பத்தாவதுக்குப் போயிருந்தேன். ஆடி மாத மழை எங்கள் பக்கம் நிற்கவே நிற்காது. துணி காயாது, விறகு எரியாது, எல்லாவற்றிலும் ஒரு புளித்த வாடை அடிக்கும். இப்போதும் ஈரச் சாக்கு வாடை மூக்கில் ஏறினால் எனக்கு அந்தப் பகடை ஞாபகம்தான் வரும்.

நாலாவது ஆள்

லதா, துரையின் மகள். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. வெள்ளைக்காரர்கள் போய் வெகு காலமாகிவிட்டது. இவர் தலச்சேரிப் பக்கத்து மலையாளி, எஸ்டேட் மானேஜர். ஆள் மாறினாலும் பேர் மாறவில்லை. அவர் ஜீப் வந்தால் நாங்கள் பாதையை விட்டு ஓரத்துக் கானுக்குள், மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குள், இறங்கி நிற்கும் வழக்கமும் மாறவில்லை.

லதா ஊட்டியில் தங்கிப் படித்தவள். அந்த வருஷம் மஞ்சள் காமாலை வந்து வீட்டிலேயே கிடந்தாள். அவளுக்குத் துணையாக அவள் பெரியம்மா மகன் ரவி, லண்டனிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வந்தவன், ஒரு பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். அதற்குள் ஒரு புத்தகம், சில பென்சில், இருபது பட்டை வைத்த பகடை. அதை உருண்டை என்பதா கட்டை என்பதா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். சசி மூன்றாவது. நாலாவதுக்கு ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தபோது, பங்களாச் சமையலறைக்கு விறகு சுமந்து போன அம்மாவின் பின்னால் நான் வந்து நின்றேன். "நீ படிச்சவள் அல்லே? வா, நாலாள் வேணும்" என்றாள் லதா. சனி, ஞாயிறு பிற்பகல்களில் நான் பங்களாவுக்குப் போக ஆரம்பித்தது இப்படித்தான்.

சமையலறைப் பக்கம் போய், கொல்லையைச் சுற்றிக்கொண்டு, முன் வராந்தாப் படிக்கு வரவேண்டும். வராந்தாவில் நாலாவது நாற்காலி ஒன்று காலியாகத்தான் கிடந்தது. அதில் உட்கார் என்று யாரும் சொல்லவில்லை, உட்காராதே என்றும் சொல்லவில்லை. நானே இரண்டாவது படியில் உட்கார்ந்துகொண்டேன். ஆட்டத்தின் வரைபடம் மேஜை மேல் இருந்தது. அந்த உலகத்தில் இரண்டு மாதம் அலைந்தேன், அதன் வரைபடத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

குகைக்காரி

ஆட்டம் இதுதான். ஒவ்வொருவரும் ஒரு ஆளாக வேஷம் எடுத்துக்கொள்ள வேண்டும். வேஷம் கட்டி ஆடுவதில்லை, வாயால் சொல்வதுதான். "நான் கதவைத் திறக்கிறேன்" என்றால் திறந்த மாதிரி. திறந்ததும் என்ன நடக்கிறது என்பதை ரவி சொல்வான். அவன்தான் நடுவர், அவனே கடவுளும்.

அந்த உலகத்தில் மனுஷர்கள் உண்டு. காட்டில் வாழும் உயரமான, வெளுத்த மக்கள் உண்டு. அவர்களுக்கு நோய் கிடையாது, ஆயிரம் வருஷம் வாழ்வார்கள், பாட்டெல்லாம் பாடுவார்கள். லதா அந்த இனத்து இளவரசி. சுரங்கம் தோண்டும் குள்ளர்கள் உண்டு, சசி அதில் ஒருவன். பிறகு குகைக்காரர்கள். கறுத்த தோல், தடித்த உதடு, முரட்டு உடம்பு. ஆட்டத்தில் வெட்டுப்படுவதற்கென்றே இருப்பவர்கள். புத்தகத்தில் படம் போட்டிருந்தது. ரவி அதைத் தூக்கி எனக்குக் காட்டினான். நான் பார்த்தேன். எங்கள் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், கடைசி வீட்டு மாமா குளித்துவிட்டு வெயிலில் நிற்பது மாதிரி இருந்தது.

"நான் யாரு?" என்று கேட்டேன்.

ரவி இங்கிலீஷில் ஏதோ சொன்னான். லதா எனக்காகத் தமிழாக்கினாள். "நீ குகைக்காரி. ஆனா நல்லவள். எங்ககூட கூலிக்கு வந்தவள். குகைக்காரங்களுக்கு இருட்டிலே கண்ணு தெரியும். அதனால நீதான் முன்னாடி போகணும்."

பேர் வைக்கச் சொன்னார்கள். பொன்னி என்றேன். ரவிக்குப் பிடிக்கவில்லை. குகைக்காரிக்கு உறுமுகிற மாதிரி பேர் இருக்க வேண்டுமாம். லதாதான் எனக்காக வாதாடி பொன்னியையே இருக்க வைத்தாள். அதில் அவளைக் குறை சொல்லமாட்டேன், அவளுக்கு நல்ல மனசு. இதைச் சொல்வதில் எனக்கு உள்ள கஷ்டமே அதுதான்.

பொன்னி முன்னால் போனாள். ஒவ்வொரு குகையிலும் முதல் ஆளாக நுழைந்தாள். அம்பு வந்தால் அவள் மேல் பட்டது. பாம்பு இருந்தால் அவளைக் கடித்தது. உள்ளே இருந்த குகைக்காரர்களை, தன் இனத்தையே, அவள்தான் முதலில் வெட்ட வேண்டியிருந்தது. அவர்கள் வெட்டுப்பட்ட பிறகு இளவரசி உள்ளே வந்து, சுவரில் எழுதியிருப்பதைப் படிப்பாள்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "குகைக்குள்ள குழந்தைங்க இருக்காதா?"

லதா ரவியைப் பார்த்தாள். ரவி புத்தகத்தைப் புரட்டினான். அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை என்றான்.

எங்கள் துரை ஆட்டம்

வேஷம் போட்டு ஆடுவதை லண்டன்காரன் வந்து எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. லயத்துப் பிள்ளைகள் நாங்கள் அதற்கு முன்பே துரை ஆட்டம் ஆடியவர்கள்தான். ஒருவன் துரை, ஒருவன் கங்காணி, மற்றவர்கள் கொழுந்து பறிக்கிறவர்கள். காட்டுச் செடி இலையைப் பறித்துக் கொண்டுவந்து கொட்டவேண்டும். துரை அதைக் காலால் கிளறிப் பார்த்து, "முத்தல் இலை, முத்தல் இலை" என்று திட்டவேண்டும். நாங்கள் கைகட்டித் தலை குனியவேண்டும். சிரிப்பு வந்தால் ஆட்டத்திலிருந்து விலக்கு.

கங்காணி மகன்தான் எப்போதும் துரை. அதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. நாங்கள் மேல் லயத்துப் பிள்ளைகள். ஓடைக்கு அந்தண்டை இருந்த கீழ் லயத்துப் பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கும் ஒரு வேஷம் உண்டு: இலை மூட்டையைச் சுமக்கும் கழுதை. திருநெல்வேலியிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் மலையேறி வந்தபோது எங்கள் ஆட்கள் சட்டி பானையோடு சாதியையும் மறக்காமல் சுமந்து வந்திருந்தார்கள். அது நனையாமல் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது நான் இருப்பது மலைக்குக் கீழே பெருமாட்டியில், கல்யாணமாகி வந்த ஊர். போன மாதம் எலப்புள்ளியில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். திரையில் பார்த்தேன். அதே குகைக்காரர்கள். தோல் மட்டும் பச்சையாகியிருந்தது. வரிசையாக ஓடிவந்து வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க என்ன கண்ணு தப்பு பண்ணுனாங்க?" என்றேன்.

"அவிய கெட்டவியளுங்க அத்தை. பொறப்பே அப்படித்தானுங்க" என்றாள், கை நிற்காமல். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்பப் புதுசா வர்ற கேம்ல நாமளே அவியளா வெளையாடலாமுங்க. ஊருக்குள்ள நடந்து போனா கடைக்காரன் காறித் துப்புவான். அதெல்லாங்கூட வெச்சிருக்காங்க" என்றாள்.

துப்புவதைக் காட்டுகிறார்களே, அது ஒரு முன்னேற்றம்தான். எங்கள் காலத்துப் புத்தகத்தில் அதுகூட இல்லை. அதில் எல்லாரும் சிரித்த முகமாகவே இருந்தார்கள்.

அம்மா சொன்னது

நான் வெறுமனே விளையாடப் போகவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முந்தின மழையில் ஓடைப் பாலத்தடி அடைத்துக்கொண்டது. "நீ எறங்கிப் பாரு" என்று கங்காணி அப்பாவைச் சொன்னார். அப்பா முதலில் இறங்கினார். மேலேயிருந்து பாறை சரிந்து கால் நசுங்கிவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காலை எடுக்காமல் காப்பாற்றினார்கள், ஆனால் இனி மலைச்சரிவில் நிற்க முடியாது என்று எழுதிவிட்டார்கள்.

எஸ்டேட்டில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. வீட்டில் ஒருவர் பேராவது நிரந்தரமாகப் பதிவில் இருந்தால்தான் லயத்தில் குடியிருக்கலாம். அப்பா பேர் எடுபட்டால் அந்த இடத்துக்கு இன்னொரு பேர் வேண்டும். அம்மா தற்காலிகம்தான், ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். அவளை நிரந்தரமாக்கக் கேட்டதற்கு, மூச்சிரைப்பு என்று டாக்டர் முன்பு எப்போதோ எழுதியதைக் காட்டினார்கள். மீதி இருந்தது நான். ஓணத்துக்குள் என் பேர் பதியவேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யவேண்டும். பேர் பதிந்தால் பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது.

அம்மாவுக்கு நான் பத்தாவது எழுதவேண்டும் என்று ஒரு வெறி. காலையில் என்னைப் பள்ளிக்கு அனுப்பும்போது, வேறு யாரோ பெரிய மனுஷியை வழியனுப்புவது மாதிரி வாசலில் நிற்பாள்.

"ஏட்டி, அந்தப் பிள்ளைட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாரேன்" என்றாள், நான் பங்களாவுக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும். "ஒரு வருசம் மட்டும் என் பேரைப் போடச் சொல்லு. நான் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு வேல செய்துருவேன். நீ பரிச்ச எழுதுனப் பெறவு பாத்துக்கிடலாம்."

"அவுக கேப்பாவளாம்மா?"

"கிளார்க்கு தம்பி ஒரு வேலையும் இல்லாம குவார்ட்டர்ஸ்ல வருசக்கணக்கா குடியிருக்கான். அவனுக்கு முடியும்னா நமக்கு ஏன் முடியாது? தொரை மனசு வச்சா ஆவும்."

அதனால்தான் நான் அவ்வளவு கவனமாக விளையாடினேன். இளவரசிக்கு வரும் அம்பெல்லாம் பொன்னி மேல் படும்படி பார்த்துக்கொண்டேன். லதா சந்தோஷமாக இருக்கும் நேரம் பார்த்துக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

புத்தகத்தில் போட்டிருக்கிறது

ஆட்டத்தில் ஜெயிக்க ஜெயிக்க ஆள் படி ஏறும். படி ஏறினால் பலம் கூடும், மந்திரம் வரும், ஊரில் மரியாதை கிடைக்கும். பொன்னி வேகமாக ஏறினாள். அடிபட்டதெல்லாம் அவள்தானே. அன்றைக்குச் சேற்றில் விழுந்த அந்தப் பதினெட்டுடன் அவள் ஐந்தாம் படிக்கு வேண்டிய மதிப்பெண் எல்லாம் சேர்ந்துவிட்டது. நான் சேற்றுக் காலோடு படியில் நின்றுகொண்டு, "அஞ்சாம் படி" என்றேன்.

ரவி புத்தகத்தைப் புரட்டினான். ஒரு பக்கத்தில் விரலை வைத்து லதாவிடம் காட்டினான்.

"பேச்சி, குகைக்காரங்களுக்கு நாலாம் படிதான் கடைசியாம்" என்றாள் லதா. "அதுக்கு மேல ஏற முடியாது."

"ஏன்?"

"அவங்க பிறப்பு அப்படியாம். புத்தி அவ்வளவுதானாம். குள்ளருக்குக்கூட ஏதோ ஒரு எல்லை உண்டு. எங்களுக்குத்தான் இல்லை."

"இத்தனை குகைக்குள்ள போயிட்டு வந்தாளே பொன்னி."

"அது பலம். இது வேற."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை லதாவின் இளவரசி கோட்டை மேலிருந்து விழுந்து செத்துப்போனாள். லதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும், ரவி உடனே ஒரு கோயில் பூசாரியை வரவழைத்து அவளுக்கு உயிர் கொடுத்தான். அதைச் சொன்னேன். "அன்னைக்கு உங்க இளவரசி செத்தப்ப மாத்துனீங்களே?"

 சசி சிரித்தான். "அது இளவரசி அல்லே?" என்றான்.

ரவி புத்தகத்தை மூடினான். அவன் சொன்ன இங்கிலீஷ் எனக்கே புரிந்தது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, நான் என்ன செய்ய?

அன்று திரும்பும்போது லதா கொல்லைவரை என்கூட வந்தாள். பொன்னிக்காக அவளுக்கு வருத்தம். இதுதான் சமயம் என்று, அப்பாவின் கால், அம்மாவின் பேர், என் பத்தாவது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வருஷம்தானே? அச்சன்கிட்ட நான் சொல்றேன். தீர்ச்சயா சொல்றேன்" என்றாள். மலையாளத்தில் தீர்ச்சயா என்றால் நிச்சயமாக என்று அர்த்தம். நான் அதை நம்பி ஓடை வரை ஓடியே வந்தேன்.

அடுத்த வாரம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பார்வையால் கேட்டேன். அவள் பகடையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

அது வேறு

ஓணம் நெருங்கியதும் அம்மா பொறுக்கவில்லை. அப்பாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். ஜன்னலுக்கு வெளியே நின்றோம். உள்ளே துரை, பக்கத்தில் சசியின் அப்பா.

அம்மா கும்பிட்டுவிட்டுச் சொன்னாள். "ஒரு வருசம் மட்டும் என் பேரைப் போடுங்க தொரை. பிள்ளை பத்தாவது எழுதிருவா."

துரை கோபப்படவில்லை. அவரும் நல்லவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "டாக்டர் வேண்டாம்னு எழுதியிருக்கார். சட்டம் அப்படி. நான் எப்படி மாத்த முடியும்?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "கிளார்க்கையா தம்பிக்கு வேலை இல்லாமலே வீடு குடுத்திருக்கீகளே தொரை."

கிளார்க் தலையைத் தூக்கினார். துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அது வேற" என்றார்.

எனக்கு உடனே வராந்தாவும் அந்தப் புத்தகமும் ஞாபகம் வந்தன. அம்மாவுக்கு அப்படி எதுவும் ஞாபகம் வர வழியில்லை. அவள் மறுபடியும் கும்பிட்டாள். திரும்பி வரும் வழி முழுக்க அவள் மூச்சு இரைத்தது. அதை அடக்கிக் காட்ட வேண்டிய அவசியம் இனி இல்லை.

அந்த வாரமே என் பேர் பதிந்தார்கள்.

முதல் நாள் காலையில் அம்மாதான் எனக்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக் கட்டிவிட்டாள். இறுக்கிக் கட்டினாள். பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வாசலில் நிற்பது மாதிரியே நின்றாள். "பேச்சி" என்று கூப்பிட்டார்கள். "இருக்கேன்" என்றேன். அப்போதுதான் அவள் அழுதாள். நான் அழவில்லை. அட்டை ஏறாமல் இருக்கக் காலில் தடவியிருந்த புகையிலைச் சாறு எரிந்துகொண்டிருந்தது, அதிலேயே கவனமாக இருந்தேன்.

செத்துப்போனது யார்

நான் வேலைக்குப் போய் நான்கைந்து நாள் ஆகியிருக்கும். மழை விட்டிருந்தது. சரிவில் நிரை பிடித்து, ஆளுக்கொரு செடி வரிசையாக, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். பாதையில் மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று தெரிந்தது. லதா. பெண்கள் எல்லாரும் கையை நிறுத்தி நிமிர்ந்து நின்றார்கள். அவள் என்னைத்தான் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

கூடையோடு போனேன். கண் சிவந்து வீங்கியிருந்தது. எனக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மனசு ஒரு நிமிஷம் இளகிப்போனது. துரையிடம் சொல்லிவிட்டாள் போல, சட்டம் மாறிவிட்டது போல என்றுகூட ஓடியது.

"பேச்சி, பொன்னி செத்துப்போயி" என்றாள் லதா.

எனக்குப் புரியவில்லை.

"நீ வரலே அல்லே? உனக்குப் பதிலா ரவிச்சேட்டனே உருட்டினான். அவளைத்தான் முன்னாடி அனுப்பினான். குழியிலே விழுந்துட்டா." அவளுக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. "நான் எத்தனை சண்டை போட்டேன் தெரியுமா? பூசாரியைக் கூப்பிடுன்னு சொன்னேன், சட்டத்தை மாத்துன்னு சொன்னேன். புக்கைக் கிழிக்கவே போயிட்டேன். நேத்து நான் ஊணு கழிக்கவே இல்லை."

அவள் பொய் சொல்லவில்லை. சோறு சாப்பிடாத முகம்தான் அது.

"என் விஷயம் துரைகிட்ட சொன்னீங்களா லதாம்மா?" என்று கேட்டேன்.

"எது?" என்றாள். அப்புறம் ஞாபகம் வந்தது. முகம் சுருங்கியது. "அது எஸ்டேட் காரியம் அல்லே பேச்சி? அச்சன்கிட்ட அதெல்லாம் நான் எப்படிப் பேசுவேன்?"

என் கையில் கொழுந்துக் கறை பிசுபிசுத்தது. சாக்கில் துடைத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள்: "சாரமில்லை, போகட்டும். புதுசா ஒருத்தியை உண்டாக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வா. இந்தத் தடவையும் குகைக்காரிதான், அது மட்டும்தான் இருக்கு. முன்னாடி போக ஆள் வேணுமே."

"ஞாயித்துக்கிழமை துணி துவைக்கணும் லதாம்மா" என்றேன்.

கீழே கங்காணி விசில் ஊதினார். நான் நிரைக்குத் திரும்பினேன். பக்கத்து நிரை அக்கா மஞ்சள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொரை வீட்டுப் பிள்ளை எதுக்குட்டி இந்த அழுவ அழுவுது? யாரும் செத்துட்டாவளா?"

"ஆமாக்கா" என்றேன். "அவுகளுக்குத் தெரிஞ்ச கூலிக்காரி ஒருத்தி."